மார்ச்சிலா, ஏப்ரலிலா? நேர மாற்றம் பற்றிய விவாதத்துக்குத் தயாராகும் முறை

ரொறன்ரோவில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் பேத்திக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு விவாதம் வைத்தார்கள். அங்கே வருடத்தில் சில மாதம் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி வைப்பார்கள், அதுதான் கோடை நேரம். அது எப்போது தொடங்க வேண்டும், எப்போது முடிய வேண்டும் என்பது தலைப்பு. "அப்பம்மா, நீங்கள் கணக்கு ரீச்சர்தானே, சொல்லித் தாங்கோ" என்று வீடியோவில் கேட்டாள். நான் இருப்பது கிளிநொச்சிப் பக்கம், வட்டக்கச்சியில். இங்கே யாரும் வருடத்துக்கு இரண்டு தரம் மணிக்கூட்டைத் திருப்புவதில்லை. ஆனால் ஒரே நாட்டுக்குள் இரண்டு நேரம் வைத்துக்கொண்டு பத்து வருடம் வாழ்ந்தவர்கள் நாங்கள். அதனால் சொல்ல எனக்கு நிறைய இருந்தது. மூன்று ஞாயிற்றுக்கிழமை அவளோடு இருந்து தயார்ப்படுத்தினேன். இதே தலைப்பு வேறு பிள்ளைகளுக்கும் வரலாம், வெளிநாட்டில் பேரப்பிள்ளை உள்ள அம்மம்மா, அப்பம்மாமாருக்கும் வரலாம். செய்த விதத்தை அப்படியே எழுதுகிறேன்.

முதலில் தலைப்பை ஒழுங்காக வாசியுங்கள். நேர மாற்றம் நல்லதா கெட்டதா என்று கேட்கவில்லை. எந்த நாளில் தொடங்குவது, எந்த நாளில் முடிப்பது என்றுதான் கேட்கிறார்கள். பெரும்பாலான பிள்ளைகள் முதல் கேள்விக்குப் பதில் எழுதிக்கொண்டு போய் நிற்பார்கள். "இதை முழுக்க நிறுத்த வேண்டும்" என்பது வேறு விவாதம். ஐரோப்பிய நாடாளுமன்றம் 2019இல் அப்படி வாக்களித்தது, ஆனால் நாடுகள் ஒத்துவராமல் அது அப்படியே நிற்கிறது. அதற்குள் போனால் உங்கள் ஐந்து நிமிடமும் போய்விடும்.

அப்புறம் புத்தகத்தை மூடிவிட்டு முற்றத்துக்குப் போங்கள்.

ஒரு நேரான கமுகம் சலாகையை நிலத்தில் நடுங்கள். நூலில் கல் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்து, சரியாமல் நிற்கிறதா என்று உறுதி செய்யுங்கள். காலையில் சலாகையின் நிழல் நுனி எவ்வளவு தூரத்தில் விழுகிறதோ, அந்தத் தூரத்தை ஆரையாக வைத்துச் சலாகையைச் சுற்றி ஒரு வட்டம் கீறுங்கள். நேரத்தைக் குறியுங்கள். நிழல் குறுகி வட்டத்துக்குள் போகும், மத்தியானத்துக்குப் பிறகு நீண்டு திரும்பவும் வட்டத்தைத் தொடும். அந்த நேரத்தையும் குறியுங்கள். இரண்டுக்கும் நடு எதுவோ அதுதான் உங்கள் வளவின் உண்மையான உச்சிப்பொழுது.

வட்டக்கச்சியில் பெப்ரவரி நடுப்பகுதியில் செய்தால் காலை 10.40க்குத் தொட்ட நிழல், பிற்பகல் 2.04க்குத் திரும்பத் தொடும். நடுநேரம் 12.22. அதையே நவம்பர் தொடக்கத்தில் செய்தால் 10.40க்குத் தொட்டது 1.04க்கே வந்துவிடும். நடுநேரம் 11.52. ஒரே முற்றம், ஒரே சலாகை, அரை மணித்தியால வித்தியாசம். பூமி சாய்ந்து நிற்பதாலும் சூரியனைச் சுற்றும் பாதை சரியான வட்டம் அல்ல என்பதாலும் இது வருகிறது. இந்த அரை மணித்தியாலத்தை மறக்காதீர்கள். விவாதத்தின் நடுவில் இது கைகொடுக்கும். பேத்தி அங்கே பனிக்குள் சலாகை நட முடியாது என்றாள். சரி, நான் இங்கே நட்டுக் கமராவில் காட்டினேன்.

சலாகை இன்னொன்றையும் சொல்லித் தரும். எங்கள் ஊரில் ஆனி மாதத்து நீண்ட பகல் 12 மணித்தியாலம் 40 நிமிடம். மார்கழியில் மிகக் குறுகிய பகல் ஏறக்குறைய 11 மணித்தியாலம் 34 நிமிடம். வருடம் முழுக்க வித்தியாசம் ஒரு மணித்தியாலமும் சொச்சமும்தான். ரொறன்ரோவில் அது ஆறரை மணித்தியாலம். லண்டனில் கிட்டத்தட்ட எட்டே முக்கால். நேரத்தைத் திருப்புவதற்கு அங்கே ஒரு காரணம் இருக்கிறது, எங்களுக்கு இல்லை. எங்களிடம் மிச்சம் பிடிக்க அவ்வளவு வெளிச்சம் கிடையாது.

ஆனாலும் ஒருமுறை மிச்சம் பிடிக்கப் பார்த்தார்கள். 1996இல் மழை பொய்த்து நீர்மின் நிலையங்கள் தவித்தபோது, மே 25ஆம் திகதி நாட்டின் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினார்கள். ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னுக்கு எடுத்தார்கள். மிச்ச அரை மணித்தியாலம் 2006 ஏப்ரல் 15 வரைக்கும் இருந்தது. புலிகளின் நிர்வாகத்தில் இருந்த வன்னி அந்த மாற்றத்தை ஏற்கவில்லை. எல்லையாக இருந்த ஓமந்தைக்கு அங்காலே, வவுனியாப் பக்கம், புதிய நேரம். இங்காலே, எங்கள் பக்கம், பழைய நேரம். எங்கள் பள்ளிக்கூட மணி பழைய நேரத்துக்கே அடித்தது. வவுனியாவில் இருந்து வரும் கடிதத்தில் கூட்டம் காலை 9 மணிக்கு என்று இருந்தால், அது எங்களுக்கு 8.30 என்று பக்கத்தில் பென்சிலால் எழுதி வைப்பேன்.

அந்தக் காலத்தில் எங்களிடம் கரண்டே இல்லை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டுத் திரி போட்டு எரிப்போம். ஒரு போத்தல் மண்ணெண்ணெய் என்ன விலை விற்றது என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். அதை மிச்சம் பிடிக்க நாங்கள் மணிக்கூட்டைத் தொடவில்லை. பொழுதுபட முன்னமே சமையலை முடித்தோம், பிள்ளைகளை முற்றத்தில் பாய் போட்டு இருத்திப் படிப்பித்தோம். இங்கே சூரியன் இறங்கினால் 20 நிமிடத்தில் இருட்டு. அந்த 20 நிமிடத்தில் ஒரு கணக்காவது செய்து முடிக்க வேண்டும் என்று பிள்ளைகளை நெருக்கியது இப்போதும் நினைவிருக்கிறது.

2003இல் வவுனியாவில் ஒரு சொந்தக்காரக் கலியாணம். அழைப்பிதழில் முகூர்த்தம் காலை 9.30 முதல் என்று இருந்தது. எந்த நேரம் என்று போடவில்லை. பஞ்சாங்கம் பழைய நேரத்தில்தானே கணிப்பது என்று நினைத்து நாங்கள் பழைய நேரத்துக்கு வெளிக்கிட்டோம். அவர்கள் புதிய நேரத்துக்கு மாற்றிப் போட்டிருந்தார்கள். என் அம்மா போய்ச் சேர்ந்தபோது தாலி கட்டி முடிந்துவிட்டது. தன் தங்கையின் மகள் கலியாணத்தைப் பார்க்கவில்லை என்ற குறை அம்மாவுக்குக் கடைசி வரைக்கும் இருந்தது. அரை மணித்தியாலம் என்பது சின்ன விஷயம் அல்ல என்று நான் பேத்திக்குச் சொன்னதற்கு இது ஒரு காரணம்.

மற்றக் காரணம் பிள்ளைகள். புதிய நேரம் வந்த மே மாதத்தில் இந்தப் பக்கம் சூரியன் வருவது பழைய நேரப்படி 5.50க்குச் சற்று முன். புதிய நேரப்படி 6.47. பிறகு அரை மணித்தியாலமாகக் குறைத்தும், ஒவ்வொரு தை மாதமும் வவுனியாப் பிள்ளைக்குச் சூரியன் 7 மணிக்குத்தான் வந்தது. 7.30க்குப் பள்ளிக்கூடம். தூரத்துப் பிள்ளைகள் இருட்டில் வெளிக்கிட வேண்டும். 2006இல் பழைய நேரத்துக்குத் திரும்பியபோது சொல்லப்பட்ட காரணங்களில் பிள்ளைகள் இருட்டில் பள்ளிக்கூடம் போவதும் ஒன்று.

இதிலிருந்துதான் நான் பேத்திக்கு ஓர் அளவுகோலைக் கொடுத்தேன். நேர மாற்றம் எந்த நாளில் என்று முடிவு செய்ய மாலை வெளிச்சத்தைப் பார்க்காதே. காலையில் வீட்டைவிட்டு முதல் வெளிக்கிடும் பிள்ளையைப் பார். அந்தப் பிள்ளை வெளிக்கிடும்போது சூரியன் வந்திருக்க வேண்டும். வராத நாட்களில் மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளக் கூடாது. மாலையில் வெளிச்சம் கிடைத்தால் விளையாடலாம், கடைக்குப் போகலாம், விரும்பினால் வீட்டிலும் இருக்கலாம். காலையில் போகாமல் இருக்க வழியில்லை. நீங்கள் வேறு அளவுகோல் எடுத்தாலும் பரவாயில்லை. ஆனால் ஒன்றை எடுத்துக் கடைசி வரைக்கும் அதையே பிடித்து நில்லுங்கள்.

அளவுகோல் கிடைத்ததும் திகதிகளைச் சேர்க்க வேண்டும். கனடாவின் பெரும்பகுதியிலும் அமெரிக்காவின் பெரும்பகுதியிலும் மார்ச் இரண்டாவது ஞாயிறு தொடங்கி நவம்பர் முதல் ஞாயிறு முடிகிறது. பிரித்தானியாவிலும் ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் மார்ச் கடைசி ஞாயிறு, ஒக்டோபர் கடைசி ஞாயிறு. சிட்னி, மெல்பேர்ண் பக்கம் ஒக்டோபர் முதல் ஞாயிறு தொடங்கி ஏப்ரல் முதல் ஞாயிறு முடியும். குயின்ஸ்லாந்து மாற்றுவதே இல்லை. 1992இல் அங்கே மக்களிடம் வாக்கெடுத்தார்கள், வேண்டாம் என்றவர்கள் வென்றார்கள். முதல் ஞாயிறு எப்போதும் 1க்கும் 7க்கும் இடையில் வரும், இரண்டாவது 8க்கும் 14க்கும் இடையில், 31 நாள் மாதத்தின் கடைசி ஞாயிறு 25க்கும் 31க்கும் இடையில். இதை மனப்பாடம் செய்தால் எந்த வருடத்துக்கும் கலண்டர் இல்லாமல் பேசலாம்.

இந்தத் திகதிகள் எப்படி நகர்ந்தன என்பதுதான் நல்ல சரக்கு. 1907இல் வில்லியம் வில்லெட் என்ற இங்கிலாந்துக்காரர் யோசனை சொன்னபோது, ஏப்ரல் மாதத்து நான்கு ஞாயிறுகளில் இருபது இருபது நிமிடமாக முன்னுக்குத் தள்ளி, செப்டெம்பர் ஞாயிறுகளில் அதேபோலத் திருப்பி எடுக்கச் சொன்னார். 1916இல் போருக்குள் ஜேர்மனி முதலில் நாடு முழுக்க நடைமுறைப்படுத்தியபோது ஏப்ரல் 30 தொடங்கி ஒக்டோபர் 1 முடித்தது. பிரித்தானியாவும் அந்த வருடம் ஒக்டோபர் 1இல்தான் முடித்தது. ஆகவே தொடக்கத்தில் இது ஏறக்குறைய ஐந்து மாத விஷயம். பிறகு அமெரிக்காவில் 1967இலிருந்து ஏப்ரல் கடைசி ஞாயிறு, 1987இலிருந்து ஏப்ரல் முதல் ஞாயிறு, 2007இலிருந்து மார்ச் இரண்டாவது ஞாயிறு என்று தொடக்கம் முன்னுக்கு வந்துகொண்டே இருந்தது. ஒக்டோபர் கடைசியில் இருந்த முடிவும் 2007இல் நவம்பருக்குப் போனது. இப்போது எட்டு மாதம். எண்பதுகளில் கோல்ஃப் மைதானக்காரர்களும் பார்பிக்யூ அடுப்பு, கரி விற்பவர்களும் கூடுதல் நாட்களைக் கேட்டார்கள். ஒக்டோபர் 31 ஹலோவீன் இரவுக்கு மாலை வெளிச்சம் வேண்டும் என்று மிட்டாய்க் கம்பனிகள் விரும்பின. நவம்பர் முதல் ஞாயிறு என்று வைத்ததும் ஹலோவீன் எப்போதும் உள்ளே வந்துவிட்டது. இந்த வரிசையைச் சபையில் சொல்லும்போது ஆளைத் திட்ட வேண்டாம். திகதியைச் சொல்லுங்கள், யார் கேட்டார்கள் என்று சொல்லுங்கள், நிறுத்துங்கள். கேட்பவர்களுக்கே விளங்கும்.

இனிச் சலாகைக் கணக்கு. எதிரணியில் யாராவது கெட்டிக்காரப் பிள்ளை இப்படிக் கேட்கும்: "ஜூன் 21தான் நீண்ட பகல். ஒக்டோபர் 25 அதற்கு 126 நாள் பின். 126 நாள் முன்னுக்கு எண்ணினால் பெப்ரவரி 15. இரண்டு நாளும் பகல் நீளம் ஒன்றுதான். ஒக்டோபர் கடைசி வரை கோடை நேரம் வைக்கலாம் என்றால் பெப்ரவரி நடுவிலேயே தொடங்கலாமே?" கேட்க நல்ல நியாயம். பகல் நீளம் சமம் என்பதும் உண்மை. ஆனால் விடியும் நேரம் சமம் இல்லை. லண்டனில் மணிக்கூட்டைத் தள்ளாமல் பார்த்தால் ஒக்டோபர் 25இல் சூரியன் 6.40 அளவில் வருகிறது. பெப்ரவரி 15இல் 7.15 அளவில். எங்கள் முற்றத்துச் சலாகை காட்டிய அதே அரை மணித்தியாலம். காலையை வைத்துப் பார்த்தால் ஒக்டோபர் 25இன் சோடி பெப்ரவரி 15 இல்லை, மார்ச் 4 அளவில் வரும். இதைப் பேத்தி விளங்கிக்கொண்ட அன்று எனக்கு வந்த சந்தோஷம் பெரிது. முப்பது வருடம் படிப்பித்ததில் சில நாட்கள்தான் அப்படி வரும்.

பிறகு நாங்கள் ரொறன்ரோவுக்குக் கணக்குப் பார்த்தோம். அவளுடைய பஸ் 7.35க்கு. பஸ் தரிப்புக்கு நடக்க வேண்டும். ஆகவே 7.15க்குச் சூரியன் வந்திருக்க வேண்டும் என்று வைத்தோம். கோடை நேரப்படி அங்கே சூரியன் 7.15க்கு வருவது மார்ச் 24 அளவில். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் முந்தி வரும். இலையுதிர் காலத்தில் திரும்பவும் 7.15ஐத் தொடுவது ஒக்டோபர் 1 அளவில். ஆகவே அவளுடைய முடிவு, மார்ச் கடைசி ஞாயிறு தொடங்கி ஒக்டோபர் முதல் ஞாயிறு முடிக்க வேண்டும் என்பது. 1916இல் முடித்த ஒக்டோபர் 1க்கு அவள் தன் கணக்கிலேயே வந்து சேர்ந்துவிட்டாள். நீங்களும் உங்கள் பள்ளிக்கூட நேரத்தைப் போட்டு இப்படியே செய்யுங்கள். வேறு திகதி வந்தால் வரட்டும். உங்கள் ஊரில் சூரியன் வரும் நேரத்தை இணையத்தில் மாதம் மாதமாக எடுக்கலாம். ஆனால் ஒரு கிழமையாவது யன்னலால் கண்ணால் பார்த்துக் கொப்பியில் எழுதச் சொல்வேன். நான் அவளை ஏழு நாள் எழுத வைத்தேன்.

விட்டுக்கொடுக்க வேண்டியதை முதலே விட்டுக்கொடுங்கள். ஒக்டோபர் முதல் ஞாயிறு முடித்தால் அன்றே பொழுது 6 மணிக்கு முன் படும். மாதக் கடைசியில் 5.10 ஆகிவிடும். பள்ளிக்கூடம் முடிந்து விளையாடும் பிள்ளைக்கு அது இழப்புத்தான், வேலை முடிந்து இருட்டில் நடந்து வரும் ஆட்களுக்கும் இழப்புத்தான். "ஆம், இழப்பு இருக்கிறது" என்று வாயால் சொல்லுங்கள். எங்கள் அளவுகோலின்படி காலைப் பிள்ளையை அதற்கு மேலே வைக்கிறோம் என்று உடனே சொல்லுங்கள்.

மின்சாரம் மிச்சம் என்று கட்டாயம் வரும். 2007இல் கூட்டிய நாட்களைப் பற்றி அமெரிக்க எரிசக்தித் திணைக்களம் 2008இல் கொடுத்த அறிக்கை, அந்த நாட்களில் நாளுக்கு 0.5 வீதம் அளவில் மின்சாரம் மிச்சம் என்றது. இண்டியானா மாநிலத்தில் நடந்த ஆய்வு வீட்டு மின்சாரம் 1 வீதம் அளவில் கூடியது என்றது. வெக்கைக்கு ஏசி கூடப் போடுவார்கள் அல்லவா. இரண்டையும் சொல்லிவிட்டு மேலே போங்கள், இதில் நின்று சண்டை பிடிக்க ஒன்றும் இல்லை.

"வருடம் முழுக்கக் கோடை நேரமே இருக்கட்டும், மாற்றும் தொல்லை இல்லையே" என்று கேட்டால், 1974ஐ எடுங்கள். எண்ணெய் நெருக்கடியில் அமெரிக்கா அந்த வருடம் ஜனவரி 6இலிருந்தே கோடை நேரத்துக்குப் போனது. பிள்ளைகள் இருட்டில் பள்ளிக்கூடம் போவதைப் பார்த்த பெற்றோர் எதிர்த்தார்கள். அடுத்த குளிர்காலம் முழுக்கத் தொடராமல் அதே வருடம் சட்டத்தைத் திருத்தினார்கள். பிரித்தானியாவும் 1968 தொடங்கி 1971 வரை வருடம் முழுக்க வைத்துப் பார்த்துவிட்டுக் கைவிட்டது. ரொறன்ரோவில் அப்படி வைத்தால் ஜனவரி தொடக்கத்தில் சூரியன் 8.50க்கு வரும். அந்த ஓர் எண் போதும். ஒன்ராறியோ மாகாணம் 2020இல் அப்படி ஒரு சட்டம் நிறைவேற்றித்தான் இருக்கிறது. கியூபெக்கும் நியூயோர்க்கும் சேர்ந்து மாறினால்தான் நடைமுறைக்கு வரும் என்று வைத்ததால் இன்னும் மாறவில்லை. பக்கத்து ஊருக்கு ஒரு நேரமும் எங்களுக்கு ஒரு நேரமும் என்றால் என்ன நடக்கும் என்பதற்கு ஓமந்தைக் கதையைச் சொல்லச் சொன்னேன். வகுப்பில் யாருக்கும் தெரியாத கதை, ஆனால் உண்மைக் கதை.

ஒத்திகைக்கு நேரம் குறிப்பதிலும் கவனம் தேவை. நாங்கள் ரொறன்ரோ நேரம் காலை 9 என்று வைத்திருந்தோம். முதல் ஞாயிறு அது எனக்கு இரவு 7.30. அடுத்த ஞாயிறு அங்கே நேரம் மாறிவிட்டது. எனக்கு 6.30. நான் 7.30க்குத்தான் போனைத் திறந்தேன், பிள்ளை ஒரு மணித்தியாலம் காத்துக்கொண்டு இருந்தது. அதற்குப் பிறகு எங்கள் மணிக்கூட்டை வைத்தே நேரம் குறிக்கிறோம். ஞாயிறு இலங்கை நேரம் மாலை 6.30. அது ரொறன்ரோவில் கோடை நேரத்தில் காலை 9, குளிர்காலத்தில் 8. லண்டனில் இருக்கும் மகளுக்குக் கோடையில் பிற்பகல் 2, குளிர்காலத்தில் 1. கவனிக்க வேண்டியது மார்ச்சில் ரொறன்ரோ மாறி லண்டன் மாறாமல் இருக்கும் இரண்டு, மூன்று கிழமையும், ஒக்டோபர் கடைசியில் லண்டன் மாறி ரொறன்ரோ மாறாமல் இருக்கும் ஒரு கிழமையும்தான். அப்போது ஒருத்திக்கு 9, மற்றவளுக்கு 1.

பேச்சின் தொடக்கத்தைக் கடைசியாகத்தான் எழுதினோம். சட்டம், வருடம் ஒன்றும் இல்லாமல் பஸ்ஸில் தொடங்கச் சொன்னேன். "மார்ச் 9, திங்கட்கிழமை. என் பஸ் 7.35க்கு வரும். சூரியன் 7.40க்கு வரும்." பிறகு இரண்டு விநாடி நிறுத்தி, ஏழு நாள் யன்னலால் பார்த்து எழுதிய கொப்பியைத் திறந்து, ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நேரமாக வாசிக்க வேண்டும்.